சன்னலோரத்தில் ஒரு பகரம்

பிறர் இருமுவதால் எனக்குச் சம்பளம் வந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என்னை டாக்டர் என்று நினைப்பார்கள். இல்லை என்றதும் மரியாதை ஒரு படி இறங்கும். திருப்பூணித்துறையில் நான் தங்கியிருந்த வீட்டில் சித்தப்பாவுக்கு இந்தச் சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

"நீ மருந்து கொடுப்பியோடா?"

"இல்லை சித்தப்பா."

"ஊசி?"

"போடத் தெரியாது."

"பின்னே சீக்காளியைப் பார்த்து என்னதான் பண்ணுவே?"

"இருமல் உண்டான்னு கேப்பேன்."

"கேட்டு?"

"எழுதிண்டு வந்துடுவேன்."

சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, சித்தியைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு தோசை வார்க்கச் சொன்னார். இப்படிப்பட்ட உத்தியோகம் எத்தனை நாளைக்கு நிற்கும், இருக்கும்போதே பையன் நன்றாகச் சாப்பிடட்டும் என்று நினைத்திருப்பார்.

அது எழுபதுகளின் கடைசி. புள்ளியியல் படித்துவிட்டு, வேறு எதுவும் கிடைக்காததால், நெஞ்சுநோய் பற்றிய ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தேன். ஏழைகள் வேலை செய்யும் இடங்களில் காசநோய் எவ்வளவு இருக்கிறது, மருந்து அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எனக்கு விழுந்தது மட்டாஞ்சேரி. காலையில் பஸ் பிடித்து எர்ணாகுளம் வந்து, அங்கிருந்து படகில் அக்கரை போவேன். படகு கரையை நெருங்கும்போதே மிளகும் சுக்கும் அரிசிச் சாக்கும் சேர்ந்த மணம் எதிரே வந்து நிற்கும். முதல் ஒரு வாரம் அதை ரசித்தேன். பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்பது என் தொழிலாகிவிட்டது.

கொச்சங்காடிப் பக்கத்தில், காயலை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது நான் பார்க்க வேண்டிய சுக்குக் கிடங்கு. முற்றத்தில் இஞ்சி காயும். காய்ந்ததைச் சுண்ணாம்பில் புரட்டி, மறுபடி காயவைத்து உள்ளே கொண்டுவந்து குவிப்பார்கள். பெண்கள் சாக்கு விரித்து இரண்டு வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் புடைத்து, பெரிசு, சிறிசு, உடைசல் என்று பிரிப்பார்கள். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழும் இடங்களில் எல்லாம் தூசி தூண் தூணாக நிற்கும். முதல் நாள் உள்ளே நுழைந்து வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வணக்கம் வெளியே வருவதற்குள் தூசி உள்ளே போய்விட்டது. நான் இருமி முடிக்கும்வரை பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள். "பாவம், சாருக்குக் கொஞ்சம் வெள்ளம் கொடுங்கடீ" என்று ஒரு குரல் கேட்டது. நோயாளியைத் தேடி வந்த ஆராய்ச்சி அன்றைக்கு முதல் நோயாளியைத் தன்னிடமே கண்டுபிடித்தது.

தண்ணீர் கொடுக்கச் சொன்னவர் சன்னலடியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிடங்குக்கு இருந்தது ஒரே ஒரு சன்னல், காயலைப் பார்த்தபடி. அதன் அடியில் உட்கார்ந்தால் மூச்சுக்குக் காற்று, கண்ணுக்கு வெளிச்சம், பொழுதுபோக்குக்கு வள்ளங்கள். சிறு வயதிலேயே வேலைக்கு வந்து, பின்வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு இடமாக நகர்ந்து நகர்ந்து அவர் அங்கே வந்து சேர்ந்திருந்தார். தாத்தா காலத்திலேயே மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கிடங்கு முழுக்க அவரை அக்கா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து கொடுத்தனுப்பிய கேள்வியை அவரிடம் கேட்டேன். "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா அக்கா?"

"இருமலா? எனிக்கா?" என்று கேட்டு, ஒரு பாட்டம் இருமிவிட்டு, "இல்ல சாரே" என்றார்.

"இப்ப இருமினீங்களே?"

"இது இருமலில்ல சாரே. இது சுக்கு."

எதிர்வரிசைக் கோடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில், கிடங்கிலேயே மோசமான இடத்தில், உட்கார்ந்திருந்த முஸ்லிம் பெண்மணி அவர். இவரை எல்லோரும் இத்தா என்பார்கள். அக்காவுக்கும் இத்தாவுக்கும் ஆகாது. காரணம் சன்னல். அக்காவுக்கு அடுத்தபடி சன்னலுக்கு உரிமை தனக்குத்தான் என்பது இத்தாவின் கட்சி. இத்தாவுக்கு வீட்டுமொழி மலையாளம். அக்காவோடு சண்டை போடும்போது மட்டும் முழுத் தமிழுக்கு வருவார், வசவு ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேர வேண்டும் என்று.

"அவளுக்கு மட்டும் சுக்கு. எங்களுக்கெல்லாம் மிட்டாயி" என்றார் இத்தா. "எழுதிக்கோ சாரே. எனிக்கும் இருமலில்ல. எனிக்கும் சுக்குதான்."

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இருமிக்கொண்டே இருமல் இல்லை என்றார்கள். நான் அப்படியே எழுதி அனுப்பினேன். இந்தியாவிலேயே ஆரோக்கியமான நுரையீரல்களைக் கண்டுபிடித்துவிட்டதாக என் மேலதிகாரி நினைத்திருக்க வேண்டும். கேள்வியைத் திருத்தி அனுப்பினார். "தூசியினால் வரும் இருமல் உண்டா?" என்று கேட்டேன். இந்தத் தடவை எல்லோருக்கும் இருந்தது. முதல் தாளும் பயனில்லை, இரண்டாம் தாளும் பயனில்லை. சளியைப் பிடித்துக் கொடுப்பதற்குச் சின்ன டப்பாக்கள் கொடுத்தோம். அடுத்த வாரம் போனபோது ஒருவர் அதில் மூக்குப்பொடி வைத்திருந்தார், இன்னொருவர் ஊசிநூல். இத்தாவின் டப்பாவில் கடுமாங்காய் ஊறுகாய் இருந்தது. எனக்கும் ஒன்று நீட்டினார். டப்பா புதுசுதான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரிதல் தொண்டைவரைதான் உதவியது.

அப்போது அந்தப் பெண்களின் பதிலை நான் அசட்டுத்தனம் என்று நினைத்தேன். அசட்டுத்தனம் இல்லை, தவறுதான். ஆனால் அந்தத் தவறில் ஒரு சௌகரியம் இருந்தது. இருமல் சரக்கைச் சேர்ந்தது என்கிறவரைக்கும் அது எல்லோருக்கும் பொது. யாரும் யாரைக் கண்டும் விலக வேண்டாம், ஒரே பானையில் கஞ்சி குடிக்கலாம், ஒரே வாளியில் தண்ணீர் மொள்ளலாம். ஒருத்தி இது என் இருமல் என்று சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே தனியாகிவிடுவாள். காசநோய்க்கு அங்கே பெயர் கிடையாது, "மற்றது" என்பார்கள். மற்றது யாருக்கும் வராது, எல்லோருக்கும் சுக்கு. இப்படி இருக்கும் இடத்தில் நோயைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. சுக்கை எடுத்துவிட வேண்டும். அது என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

சுமைதூக்கும் தொழிலாளிகளின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தது. மழைக்காலம் முடிகிற சமயம் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூட்டை நகராததால் கிடங்குகள் பூட்டப்பட்டன. நாலைந்து நாளில் முடியும் என்றார்கள், வாரக்கணக்கில் நீண்டது. கடைக்காரர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். வீடுகளில் காலையில் கப்பைக் கிழங்கு, மாலையில் சாயா என்றாகிவிட்டது. அந்தச் சந்திலேயே வேலைநிறுத்தத்தால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

இரண்டாவது வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. சந்து அமைதியாகிவிட்டது. காக்கைச் சத்தமும் வானொலியும்தான் கேட்டன. இத்தா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். நெஞ்சைத் தட்டிக் காட்டி, "கேட்டோ சாரே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆயிட்டு" என்றார். மூன்றாம் வாரம் முடியும்போது கிடங்குக்காரிகளின் வீடுகளில் இருமிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வீடுதான். கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது.

"சுக்கைக் கண்ணால பாத்தே இருபது நாள் ஆச்சே அக்கா" என்றேன்.

"உள்ள இருக்கும் சாரே. சின்ன வயசு தொட்டே தின்ன தூசி. மெள்ளத்தானே வெளிய வரும்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார். முந்தானை நுனியை ஏன் அப்படிச் சுருட்டிப் பிடித்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே பிரித்துக் காட்டினார். சின்னதாகச் சிவப்பு. டப்பாவை நான் மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை அதில் எதையும் போட்டு வைக்காமல், கேட்டதையே கொடுத்தார்.

நோய்தான். அன்றைய சிகிச்சை நீளமானது. முதல் மூன்று மாதம் தினமும் ஊசி, அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை. ஊசி போடும் இடம் எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவ நிலையம், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. வேலைநிறுத்தம் இருந்தவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. அக்கா படகேறிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது, பசி எடுத்தது. கப்பையும் சாயாவும் கிடைக்கிற காலத்தில் பசி எடுக்க வைத்ததற்காக என்னை ஒரு நாள் திட்டினார்.

அப்போதுதான் வேலைநிறுத்தம் முடியப்போகிறது என்ற செய்தி வந்தது. சந்தே மகிழ்ந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பி, "சாரே, ஊசி போதும்" என்றார்.

"பாதிகூட ஆகல அக்கா. இப்ப விட்டா திரும்பி வரும். ரெண்டாந்தரம் இந்த மருந்து கேக்காமலும் போகலாம்."

"காலம்பற ஊசிக்குப் போனா என் இடத்துல யாரு இருப்பா?"

நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். கிடங்கில் ஓர் இடம் ஒருத்தியுடையது என்பதற்கு அடையாளம் அங்கே இருக்கும் முறம். பிரசவம், சாவு, கோயில் நேர்ச்சை என்று ஒருத்தி வர முடியாமல் போனால் தனக்குப் பகரம் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டுப் போகலாம். பகரத்துக்கு வருகிறவள் தன் முறத்தைக் கொண்டுவரக் கூடாது, இடத்துக்காரியின் முறத்தில்தான் புடைக்க வேண்டும். அப்படியானால் இடம் இடத்துக்காரிக்கே நிற்கும். முறம் சும்மா கிடந்தால் கணக்கப்பிள்ளை அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கேட்டில் காத்திருக்கும் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைப்பார். போன இடம் போனதுதான். அப்புறம் கேட்டுக்கு வெளியே நின்று, என்றைக்காவது யாராவது வராவிட்டால் உள்ளே போகலாம்.

"பகரத்துக்கு ஆள் பாத்தாப் போச்சு" என்றேன்.

"மற்றது வந்தவ முறத்தை யாரு தொடுவா?"

முதலில் நான் ஆள் பார்க்கவில்லை, நேரத்தை மாற்றப் பார்த்தேன். கிடங்கில் ஒரு மணியிலிருந்து கஞ்சி நேரம். அந்தச் சமயத்தில் மட்டாஞ்சேரிக்கே வந்து ஊசி போட்டால் யாரும் எதையும் இழக்க வேண்டாம். நிலையத்து டாக்டரிடம் போனேன். பாலக்காட்டுக்காரர், நல்ல தமிழ் பேசுவார், கெட்டவர் இல்லை.

"ஒரு மணிக்கு ஊசி போட்டா நர்ஸ் எப்ப சாப்பிடறது?" என்றார்.

"நோயாளி எப்ப வேலை செய்யறது சார்?"

"அவங்களுக்கு உயிர் முக்கியமா, வேலை முக்கியமா? கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். "ரெண்டும் வேற வேறன்னு அந்த டாக்டருக்கு யாரு சொன்னா?" என்றார் அக்கா.

அந்த நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே பெஞ்சு, ஒரே நேரம். காசு கிடையாது, சிபாரிசு கிடையாது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் வர முடிந்த எல்லோரும் அங்கே சமம். பதிவேட்டில், பாதியில் நின்றுபோனவர்களின் பெயருக்கு எதிரே காரணம் என்ற இடத்தில் "அறியாமை" என்று எழுதும் வழக்கம். யாருடைய அறியாமை என்று எழுத அதில் இடம் விட்டிருக்கவில்லை.

பிறகு ஆள் தேடப் போனேன். நோய்க்கிருமியைவிட வேகமாகச் செய்தி பரவியிருந்தது, நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டார்கள். அவள் முறத்தில் புடைத்தால் மற்றது வருமா, வராதா?

"மருந்து ஆரம்பிச்சு மூணு வாரம் ஆயாச்சு. சாமான்லேருந்து பொதுவா பரவறதில்ல" என்பேன்.

"பொதுவாவா? அப்ப தனியா?"

"வாய்ப்பு ரொம்பக் குறைவு."

"வராதுன்னு நூறு சதமானம் சொல்லு சாரே, வரேன்."

புள்ளியியல் படித்தவனுக்கு நூறு என்பது வாயில் வராத எண். "அப்படி எதையுமே சொல்ல முடியாது" என்று உண்மையைச் சொன்னேன். கதவு சாத்திக்கொண்டது. அக்காவின் நாத்தனார் முறைக்காரி ஒருத்தி மட்டும் சாத்துவதற்கு முன் எனக்கு ஒரு சாயா கொடுத்தாள். இப்படியாக என் கல்வி ஒவ்வொரு பகரமாக விரட்டிக்கொண்டே வந்தது.

கடைசியில் இத்தாவே என்னை வழியில் நிறுத்தினார்.

"எல்லார் வீட்டுக்கும் போனியே சாரே, என் வீட்டு நம்பர் மட்டும் அறியாதோ?"

இவரிடம் கேட்பதற்குப் பதில் கிடங்கு முதலாளியை உட்கார வைப்பது சுலபம் என்று நினைத்துத்தான் போகவில்லை. அதைச் சொல்லாமல் தலையைச் சொறிந்தேன்.

"அந்த சன்னல்ல காத்து வருமா?"

"வரும்."

"நூறு சதமானம்?"

"நூறு சதமானம்."

"அப்ப ஞான் இருக்காம். என் இடத்துல மருமகள் இருக்கட்டும். அவளும் அறியட்டும் சுண்ணாம்பு எங்ஙனென்னு."

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். நல்ல செய்தி கொண்டு வந்தவன் என்ற முறையில் ஒரு புன்னகையாவது எதிர்பார்த்தேன்.

"அவளா? என் சன்னல்லயா?" என்றார் அக்கா. "நான் இருமிச் சாகறேன், அது மேல்."

நோய்க்குப் பயந்தவர்களை ஏதாவது சொல்லித் தேற்றலாம். இதற்கு நான் படித்த எதிலும் மருந்து இல்லை. அக்கா முடிவு செய்துவிட்டார். கிடங்கு திறக்கும் அன்று காலை தன் முறத்தோடு தன் இடத்தில் போய் உட்காருவார். ஊசி அத்தோடு முடிந்தது. நோய் திரும்பி வரும் என்பதை நான் மறுபடி சொன்னேன். "வரும்போது பாக்கலாம்" என்றார். வரும்போது பார்க்க அதிகம் இருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திறந்த அன்று நான் படகிலிருந்து நேரே அங்கே போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா சன்னலடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், காயலைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் சாக்கு இடைவெளி விட்டு விரித்திருந்தது. வழக்கத்தைவிட ஒரு கை அதிகம். அவரும் அதைப் பார்த்திருப்பார். நிலையத்தில் கூட்டம் சேருவதற்குள் ஊசிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அடுத்த படகைப் பிடித்தாக வேண்டும். கணக்கப்பிள்ளை கதவோரம் நின்று எல்லா முறங்களையும் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார்.

இத்தா எழுந்து வந்தார். அந்த இடைவெளிக்குள் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுத்தமான தமிழில் தொடங்கினார்.

"எழுந்திரிடீ."

"போடீ உன் தொட்டிக்கு."

"உனக்கு மற்றது வந்தது எல்லாருக்கும் தெரியும். நீ வாயை மூடினா அது போவுமா?"

கிடங்கில் முறச் சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சொல் அங்கே உரக்கச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"எனிக்கு ஒண்ணுமில்ல. சுக்கு" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

"சரி, சுக்கு. இங்கயே இருந்து சாவு. நீ செத்தா சன்னல் எனிக்குத்தான். கேக்க ஆள் உண்டா? உன் மய்யத்துக்கு வந்துட்டு நேரா இங்க வந்து காத்து வாங்குவேன்." இத்தா மூச்சு வாங்கிக்கொண்டார். "ஜீவிச்சிருந்தாத்தானடீ எங்கிட்ட சண்டை போட்டுத் திருப்பி வாங்க முடியும்? புத்தி இல்லாதவளே, போய் ஊசி குத்திட்டு வா."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு எழுந்தார். முறத்தைக் கையில் கொடுக்கவில்லை, சாக்கின்மேல் போட்டார்.

"ஓரத்துல பிரம்பு இளகியிருக்கு. முரட்டுத்தனமாத் தட்டாதே" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இத்தா அந்த முறத்தை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, சுக்கைக் கொட்டிப் புடைக்கத் தொடங்கினார். சுற்றி இருந்தவர்கள் சாக்கை நகர்த்திக்கொள்ளவில்லை. கிட்டவும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீதி ஊசி முடியும்வரை, இரண்டு மாதத்துக்கு மேல், காலையில் இத்தா, மத்தியானத்துக்கு மேல் அக்கா. காலையில் பிரித்த எடைக்குக் கூலி இத்தாவுக்கு, மாலையில் பிரித்ததற்கு அக்காவுக்கு. முறம் ஒன்றே. கணக்கப்பிள்ளைக்குச் சரக்கு பிரிந்தால் போதும். இத்தாவுக்கு மற்றது வருகிறதா என்று பார்க்கக் கிடங்கு முழுக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் எல்லாத் தலையும் திரும்பும். வேண்டுமென்றே இரண்டு தடவை தும்முவார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்குகள் பழையபடி நெருங்கி வந்தன. பயம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அலுத்துப் போயிருக்கலாம். எங்கள் துறையில் அலுப்பைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. பயத்துக்கு அதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

இந்த இரண்டு மாதத்தில்தான் என் பிழைப்பு திசைமாறியது. அதுவரை நோய் எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவன், எண்பதுகளில் கயிற்றுக் களங்கள், முந்திரிக் கொட்டகைகள், இறால் உரிக்கும் கூடங்கள் என்று போன இடமெல்லாம் முதலில் ஒரே கேள்விதான் கேட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் உங்கள் இடத்தில் யார் இருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தவர்கள் பெரும்பாலும் மருந்தை முடித்தார்கள். இல்லாதவர்களுக்கு அறியாமை என்று பெயர் வைக்கப்பட்டது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். பகரத்தை எந்த அலகில் அளப்பது என்று ஒரு பேராசிரியர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பதவி உயர்வு கொடுத்தார்கள், வேறொரு காரணத்துக்காக. பல வருஷம் கழித்து ஓர் ஊரில் மாலை நேர ஊசி தொடங்கியபோது அந்த நர்ஸ் எப்போது சாப்பிடுவாள் என்ற கவலை எனக்கும் வந்தது. டாக்டரைச் சும்மா சொல்லக்கூடாது. இடம் மாற்றி உட்கார ஆள் வேண்டியது எல்லோருக்கும்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஊசி முடிந்ததற்கு மறுநாள் நடந்ததை. சளியில் கிருமி இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி மாத்திரை மட்டும், வீட்டிலேயே விழுங்கலாம், காலையிலேயே வேலைக்கு வரலாம். இதைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல நான் கிடங்குக்குப் போனேன். சந்து முனையிலேயே சத்தம் கேட்டது.

இத்தா சன்னலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு மாசத்துக்கு மேல புடைச்சவ நான். பாதி சன்னல் என்னோடது" என்றார் இத்தா.

அக்கா ஆரம்பித்தார். இத்தாவின் தொட்டி, மருமகள், வெற்றிலை, இரண்டு மாதமாக முறத்தின் விளிம்பை நாசமாக்கிய கை, மய்யத்துக்கு வருவேன் என்று சொன்ன வாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து, தமிழில் தொடங்கி, அங்கங்கே மலையாளத்துக்குத் தாவி, மறுபடி தமிழுக்கு வந்து விளாசினார். மற்றது வந்தவளின் முறத்தைத் தொடமாட்டேன் என்று கதவைச் சாத்தியவர்கள் எல்லாம் இப்போது அந்த இடம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். நாத்தனார் முறைக்காரி அக்கா கட்சி. இத்தாவின் மருமகளும், ஆச்சரியமாக, அக்கா கட்சி.

கணக்கப்பிள்ளை என் காதோரம் வந்தார். "ஒண்ணு பறஞ்சு நிறுத்து சாரே. சரக்கு கெடக்குது."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

நான் கேட்டுக்கொண்டிருந்தது வசவையல்ல. தூசி தூண் தூணாக நின்ற அந்தக் கிடங்கில், அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து, மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தார் அந்தப் பெண். நான் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காத்திருந்தேன். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது வந்தது, அதுவும் முடிந்து இன்னொன்று வந்தது. நடுவில் வேறு எதுவும் வரவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. இத்தாவும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி இருந்தார். அக்கா ஓய்ந்ததும், "நெஞ்சு தெளிஞ்சு போச்சுடீ" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி மெதுவாக எழுந்து, முறத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நடந்தார்.

அக்கா உட்கார்ந்தார். முறத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். யாரோ புதுப் பிரம்பால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"ஏய்" என்று கூப்பிட்டார், திரும்பாமல். "உச்சைக்குக் கஞ்சி குடிச்சிட்டு இங்க வந்து இரு. ரெண்டு மணி வரைக்கும் உனக்கு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டேன்."

"ஆத்யம் நீ குளிகை முழுங்கினியா?" என்றது தொட்டிப் பக்கத்துக் குரல்.

அக்கா மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குக் கையை நீட்டினார். பக்கத்துச் சாக்கில் இருந்தவள் தன் சொம்பைக் கொடுத்தாள்.